கோபமில்லாதவன் கையில் ஒரு பழி

பிரெட்ரிக் ஃபோர்சைத்தின் முதல் நாவலான ‘த டே ஒவ் த ஜக்கால்’ 1971 இல் வெளிவந்தது. பழிவாங்கலை அடிநாதமாகக் கொண்ட உளவுக் கதை என்று சொல்லி அதனை எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு முன்மொழிந்தவர், நாங்கள் எல்லோரும் மாஸ்டர் என்று அழைக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். வாசித்து முடித்துத் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டு விறாந்தையில் கூடியபோது, நூல் நன்றாக இருக்கிறதா என்ற கேள்வி விரைவிலேயே பின்னுக்குப் போய்விட்டது. இந்தக் கதையில் உண்மையில் பழி வாங்குபவர் யார் என்ற கேள்விதான் மாலை முழுவதையும் எடுத்துக்கொண்டது. அங்கே வந்த கருத்துகளையும், அவற்றில் எனக்கு உடன்பாடானவற்றையும் ஆகாதவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். கதையின் முடிவு வரை பேச வேண்டியிருப்பதால், நூலை இனித்தான் வாசிக்கப் போகிறவர்கள் வாசித்துவிட்டு வருவது நல்லது.

கதையின் வேர் அல்ஜீரியாவில் இருக்கிறது. 1954 இல் தொடங்கிய அல்ஜீரிய விடுதலைப் போரின் நடுவே, 1958 இல் பிரான்ஸில் ஜெனரல் டி கோல் மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது, அந்த நாடு பிரான்ஸிடமே இருக்கும் என்று படை அதிகாரிகளிலும் அங்கே குடியேறியிருந்த ஐரோப்பியரிலும் பலர் நம்பியிருந்தார்கள். நான்கு ஆண்டுகளில் அவரே அல்ஜீரியாவின் விடுதலைக்கு வழிவிட்ட எவியன் உடன்படிக்கைக்கு இணங்கினார். 1962 ஜூலையில் அல்ஜீரியா சுதந்திர நாடாகியது. இதனைத் துரோகமாகக் கண்டவர்கள் 1961 இலேயே அமைத்திருந்த ஓ.ஏ.எஸ். என்ற இரகசிய ஆயுத அமைப்பும் அதற்கு நெருக்கமானவர்களும் அவரைக் கொல்லப் பலமுறை முயன்றார்கள். 1962 ஓகஸ்ட் 22 அன்று பரிஸின் புறநகரான பெத்தி கிளமாரில் அவருடைய சித்ரோவன் காரை நோக்கி நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தும், அவரும் அவருடைய மனைவியும் காயமின்றித் தப்பினார்கள். தாக்குதலை வழிநடத்திய விமானப் படை லெப்டினன்ட் கேணல் பஸ்தியன் திரி 1963 மார்ச் 11 அன்று சுட்டு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டார். இவ்வளவும் வரலாறு. நாவல் அந்த விடியற்காலைத் தண்டனையிலிருந்து தொடங்கிக் கற்பனைக்குள் நுழைகிறது: அமைப்பின் எஞ்சிய தலைவர்கள் மூவர், பிரெஞ்சுப் பொலிஸின் எந்தக் கோப்பிலும் இல்லாத வெளிநாட்டான் ஒருவனை, டி கோலைக் கொல்ல, ஐந்து இலட்சம் டொலருக்கு அமர்த்துகிறார்கள். அவனுக்குப் பெயர் இல்லை. நரி இனத்து விலங்கொன்றின் பெயரை அவன் தானே தெரிந்தெடுத்துக்கொள்கிறான்.

மாஸ்டர் இந்த நூலைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பொன்னாக இருந்த காலத்தில், திரியை இறக்கி வைத்த விளக்கின் முன்னால் இரண்டு முறை வாசித்தவர். அந்தப் பிரதி 1995 இடப்பெயர்வோடு போய்விட்டதாம். அவருடைய வியப்பெல்லாம் ஆசிரியரின் துணிச்சலைப் பற்றியது. ஃபோர்சைத் ராய்ட்டர் செய்தி நிறுவனத்துக்காகப் பரிஸில் பணிபுரிந்தவர். ஜெனரல் கொல்லப்படும் நாள் வந்தால் செய்தி தவறிவிடக் கூடாது என்பதற்காக அவருடைய நடமாட்டத்தைப் பின்தொடர்ந்த செய்தியாளர்களில் ஒருவர். பின்னர் நைஜீரியாவின் பியாப்ரா போரைப் பற்றி எழுதப் போய், வேலையும் கையில் காசும் இல்லாமல் திரும்பிவந்து, 1970 இன் தொடக்கத்தில் முப்பத்தைந்து நாட்களில் இந்த நாவலைத் தட்டச்சு செய்து முடித்தார். டி கோல் அப்போது உயிரோடு இருந்தார். கொலை நடக்கவில்லை என்பது உலகறிந்த செய்தியாக இருக்கும்போது இதில் என்ன விறுவிறுப்பு இருக்க முடியும் என்று பதிப்பகங்கள் சில கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பின.

பதிப்பகங்களின் தயக்கத்தை நாங்கள் யாரும் பங்குபோடவில்லை. விடிய விடிய நடக்கும் கர்ணன் கூத்தில் கர்ணன் விழுவான் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அதற்காக யாரும் நடுச்சாமத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை. நாவலின் முதல் பாகம் முழுவதும் நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பது ஒருவனின் வேலையை. பிரசெல்ஸில் ஆயுதக் கைவினைஞன் ஒருவனிடம் ஊன்றுகோலுக்குள் ஒளிக்கக்கூடிய துப்பாக்கியைச் செய்விப்பது, அதனை ஆர்டென் காட்டுக்குள் ஒரு மெலன் பழத்தைக் கட்டித் தொங்கவிட்டுச் சுட்டுப் பார்த்துத் திருத்துவது, இறந்துபோன குழந்தையொன்றின் பிறப்புச் சான்றிதழைப் பெற்று அதன் பெயரில் உண்மையான பாஸ்போர்ட் எடுப்பது என்று ஒவ்வொன்றும் அலுவலகக் குறிப்புப்போல உணர்ச்சியின்றி எழுதப்பட்டிருக்கிறது. மறுபக்கத்தில் லெபெல் என்ற பொலிஸ் அதிகாரி, மனைவியின் வாய்க்குப் பயந்த சிறிய உருவத்து மனிதர், அதே பொறுமையோடு கோப்புகளைப் புரட்டுகிறார். இரண்டு எழுதுவினைஞர்கள் ஒருவரையொருவர் துரத்தும் கதை என்று மாஸ்டர் சிரித்துக்கொண்டு சொன்னார். அது பாராட்டு.

அதே காரணத்துக்காகவே நூலை வெறுத்தவர், நொத்தாரிசு ஒருவரிடம் நீண்ட காலம் லிகிதராக இருந்த அண்ணர். “உவனுக்கு என்ன கோவம் இருக்கு? காசுக்கு வந்தவன். பிறகு இதிலை பழி எங்கை?” என்று அவர் தொடங்கியபோதே மற்றவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பழிக் கதை என்றால் வாசகன் கோபப்படுகிறவனோடு சேர்ந்து எரிய வேண்டும், அவன் செய்வது தவறு என்று தெரிந்தாலும் ஒரு நிமிடமாவது அவன் பக்கம் நிற்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. கண்ணகி மதுரையை எரிக்கக் கூலிக்கு ஆள் பிடிக்கவில்லை என்றும், பாஞ்சாலியின் சபதத்தை நிறைவேற்றிய வீமன் அதே சபையில் தானும் சபதம் செய்தவன் என்றும் அவர் எடுத்துக்காட்டினார். இந்த நாவலிலோ, சபதம் செய்தவர்கள் விடுதி அறைக்குள் பாதுகாப்பாக இருந்துகொண்டு, பணம் சேர்ப்பதற்காக வங்கிகளைக் கொள்ளையடிக்க ஆள் அனுப்புகிறார்கள். செயலைச் செய்கிறவனோ சம்பளத்தைத் தவிர வேறு எதையும் மனத்தில் வைத்திருக்கவில்லை.

அண்ணரின் கூற்று முழுவதும் சரி. ஆனால் அதனை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. கோபம் உள்ளவர்களால் இந்தக் காரியத்தைச் செய்ய முடியாது என்பதுதான் நாவலின் முதல் முடிச்சே. ஓ.ஏ.எஸ். அமைப்புக்குள் அரசின் உளவாளிகள் அடித்தட்டிலிருந்து மேல்தட்டு வரை ஊடுருவிவிட்டார்கள். இருவருக்குத் தெரிந்தது நான்காம் நாள் உள்துறை அமைச்சின் மேசையில் இருக்கிறது. ஆகவே தங்களோடு கோபத்தைப் பகிர்ந்தவன் எவனும் இதற்கு உதவமாட்டான் என்று அந்தத் தலைவர்கள் கணக்குப் போடுகிறார்கள். அந்தப் பக்கங்களைப் பற்றிப் பேச்சு வந்ததும் எங்களில் வயதில் மூத்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். இலண்டனிலோ நியூயோர்க்கிலோ இருந்து வாசிப்பவருக்கு அது கதையை நகர்த்துவதற்கான ஒரு காரணம் மாத்திரமே. இங்கே, சுற்றிவளைப்பில் பிடிக்கப்பட்டு வெயிலில் வரிசையாக நின்று, சாக்கால் முகம் மூடிய தலையாட்டியின் முன்னால் நடந்துபோனவர்கள் அதனை அப்படி வாசிப்பதில்லை. தலை அசைந்தவன் வாகனத்தில் ஏற்றப்பட்டான். அசையாதவன் வீட்டுக்கு வந்து, அந்தச் சாக்குக்குள் இருந்த கண்கள் யாருடையவை என்று ஆயுள் முழுவதும் யோசித்தான். மறுபுறத்தில், துரோகி என்று எழுதிய மட்டையோடு மின்கம்பத்தில் கட்டப்பட்ட உடல்களையும் இதே ஊர் பார்த்தது. அவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே தகவல் கொடுத்தவர்கள் என்று யாரும் விசாரித்து அறிந்ததில்லை. பழியுணர்ச்சி ஒரு குழுவைச் சேர்த்துக் கட்டுகிறது என்று பொதுவாக நினைக்கிறோம். அந்தக் கட்டுக்குள்ளேயே சந்தேகம் எப்படி வளர்கிறது என்பதை ஒரு முதல் நாவல்காரர் இரண்டு அத்தியாயங்களில் சொல்லிவிட்டார். கூலிக்கு ஆள் பிடித்தது கோழைத்தனத்தால் என்பதைவிட, தமக்குள்ளே நம்புவதற்கு யாரும் எஞ்சியிருக்கவில்லை என்பதால்தான் என்று நான் அண்ணருக்குச் சொன்னேன். அவர் ஏற்கவில்லை.

ஓய்வுபெற்ற தாதியான அக்கா ஒருவர் நூலைப் பாதியில் மூடி வைத்துவிட்டு, கூட்டத்துக்கு முந்திய வாரம்தான் மீண்டும் திறந்திருக்கிறார். அவரை நிறுத்தியது கோவால்ஸ்கியின் பகுதி. அந்த மூன்று தலைவர்களுக்கும் மெய்க்காவலனாக இருக்கும் முரட்டுப் போலந்துக்காரனுக்கு, மார்செய்யில் வளரும் தன் மகளுக்குக் கடும் நோய் என்று பொய்க் கடிதமொன்று போகிறது. கடமையை விட்டுவிட்டு மகளைப் பார்க்க ஓடிவந்தவனை அரசின் இரகசியப் பிரிவு பிடித்து, மின்சாரம் பாய்ச்சிச் சித்திரவதை செய்து, அவன் முனகியவற்றை ஒலிநாடாவில் பதிந்து, அதிலிருந்து ஒரேயொரு சொல்லைப் பிரித்தெடுக்கிறது. அவன் இறந்துபோகிறான். சதியை அரசு அறிந்துகொள்வதே இந்த வழியாகத்தான். “எங்கட சனத்துக்கு இதைப் புதிசா எழுதிக் காட்ட வேணுமே?” என்று அக்கா கேட்டார். அவருடைய கேள்வி அத்தோடு நிற்கவில்லை. வாசகர் எல்லோரும் லெபெல் வெல்ல வேண்டும் என்று விரும்புகிறோம். அந்த வெற்றியின் முதல் படி அந்த நிலவறையில் இருக்கிறது. ஆசிரியர் அதனைப் பற்றி ஒரு சொல் கண்டித்தும் எழுதவில்லை, நியாயப்படுத்தியும் எழுதவில்லை. இது நேர்மையா, அல்லது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதா?

நான் நேர்மை என்றே கொள்கிறேன், சிறு தயக்கத்தோடு. 1957 இல் அல்ஜியர்ஸ் நகரில் பிரெஞ்சுப் படை சித்திரவதையை வழமையான விசாரணை முறையாகவே கையாண்டது; அங்கே இருந்த ஜெனரல் ஒசாரெஸ் 2001 இல் தன் நூலில் அதனை வருத்தமின்றி ஒப்புக்கொண்டார். அந்தப் பின்னணியில், அரசின் பக்கத்தையும் இரத்தக் கறையோடு காட்டியது 1971 இல் சிறிய விடயமாக இருந்திருக்காது. தயக்கம் எதற்கென்றால், மகளின் நோய் என்ற தூண்டில் அவ்வளவு மனதைத் தொடும்படி அமைந்திருந்தும், அந்த மனிதன் இறந்த அடுத்த பக்கத்திலேயே கதை அவனை மறந்துவிடுகிறது.

பரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் பல ஆண்டுகள் கடை வைத்திருந்து ஊர் திரும்பிய ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். பழியைப் பற்றியோ அறத்தைப் பற்றியோ அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை. இடங்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. கதையின் உச்சக்கட்டம் நடக்கும் பழைய மொன்பர்னாஸ் புகையிரத நிலையம் அறுபதுகளிலேயே இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் இன்று 210 மீற்றர் உயரக் கோபுரம் நிற்கிறது என்றும், அதனால் கதையில் உள்ள காட்சியை அந்தச் சதுக்கத்தில் நின்று கற்பனை செய்வது கடினம் என்றும் விளக்கினார். பாஸ்போர்ட் அத்தியாயத்துக்கு அவர் வாய்விட்டுச் சிரித்திருக்கிறார். எங்கள் ஆட்கள் ஏஜென்சிக்காரனுக்கு இலட்சக்கணக்கில் கொட்டி, தலைமாற்றிய, அதாவது வேறொருவருடையதில் படத்தை மட்டும் மாற்றிய, பாஸ்போர்ட்டோடு ஒவ்வொரு விமான நிலையத்திலும் வியர்த்து நின்ற காலத்தில், ஒரு வெள்ளைக்காரன் கல்லறையில் பெயர் பார்த்து, தபால் முத்திரைச் செலவோடு அசல் பாஸ்போர்ட் எடுத்துவிடுகிறானே என்பது அவருடைய மனத்தாங்கல். அதே நாவலில், பிரெஞ்சு விடுதிகளில் தங்குவோர் நிரப்பும் அட்டைகளைப் பொலிஸார் ஒவ்வொரு நாளும் சேகரித்துத் தேடும் பகுதி வருகிறது. கொழும்பு லொட்ஜுகளில் தங்கி, பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பையில் காவித் திரிந்தவர்களுக்கு அதில் விளக்க வேண்டியது எதுவும் இல்லை.

மாலையின் மிக முக்கியமான கருத்து பல்கலைக்கழக மாணவி ஒருவரிடமிருந்து வந்தது. எல்லோரும் துப்பாக்கிக்காரனையும் மூன்று தலைவர்களையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், ஜக்குலினை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று அவர் கேட்டார். அல்ஜீரியாவில் தனக்கு வேண்டியவர்களை இழந்த அந்த இளம்பெண், தான் அருவருக்கும் உயரதிகாரி ஒருவரின் காதலியாக அமைப்பினால் அனுப்பப்படுகிறாள். ஒவ்வொரு இரவும் நடக்கும் இரகசியக் கூட்டத்தின் முடிவுகளை அவரிடமிருந்து கறந்து, தொலைபேசியில் தெரிவிக்கிறாள். கொலையாளி மயிரிழையில் தப்பித் தப்பிப் போவதெல்லாம் அவளால்தான். பணம் வாங்காமல், தன் உடலையே கருவியாக்கி, இழப்பின் எரிச்சலோடு நாள்தோறும் பழி வாங்கிக்கொண்டிருப்பவள் இந்த நூலில் அவள் ஒருத்திதான். அண்ணர் தேடிய கண்ணகி இங்கேதான் இருக்கிறாள் என்றும், அவளைக் கட்டிலறைக்கும் தொலைபேசிக்கும் நடுவில் வைத்துச் சில பக்கங்களோடு முடித்துவிட்டார்கள் என்றும் மாணவி சொன்னார்.

நாவலை மூன்று முறை வாசித்த மாஸ்டருக்கும் இது புதிதாக இருந்தது. அந்தக் கோணத்தில் நூலை மீண்டும் புரட்டிப் பார்த்தால், ஆசிரியரின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் தெரிகின்றன. பொருட்களையும் நடைமுறைகளையும் எழுதும்போது அவருடைய கை தடுமாறுவதே இல்லை. ஒரு பெண் தான் வெறுக்கும் மனிதனின் அருகில் ஒவ்வொரு இரவும் எப்படிப் படுத்தெழும்புகிறாள் என்பதை எழுத வேண்டிய இடத்தில், அதே கை அவசரமாகப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறது. தகவல் கசிவது எங்கிருந்து என்று தெரியாத லெபெல், கூட்டத்துக்கு வரும் அத்தனை பேருடைய தொலைபேசிகளையும் ஒட்டுக்கேட்க ஏற்பாடு செய்து அதனைக் கண்டுபிடிக்கிறார். அமைச்சர் முதல் அதிகாரிகள் வரை எல்லோரும் நெளியும் அந்தக் காட்சி நூலின் மிகச் சிறந்த நகைச்சுவை. ஆனால் அவளுடைய பங்கு வெளிப்பட்ட பிறகு கதை மறுபடியும் துப்பாக்கியின் பின்னால் ஓடத் தொடங்கிவிடுகிறது. முதல் நாவல் என்பதால் இதனை மன்னிக்கலாம் என்று மாஸ்டர் சொன்னார். முதல் நாவலிலேயே துப்பாக்கியின் ஒவ்வொரு திருகாணியையும் எழுதத் தெரிந்தவருக்கு இதுவும் தெரிந்திருக்கலாமே என்பது மாணவியின் பதில். நான் மாணவியோடு நிற்கிறேன்.

இதனோடு சேர்த்து நான் சொல்ல விரும்பிய இன்னொன்று உண்டு. அல்ஜீரியாவை முன்னிட்டு இத்தனை பேர் பழி தீர்க்கப் புறப்படும் கதையில், அல்ஜீரியர் என்று சொல்லத்தக்க ஒரு பாத்திரம் மனதில் தங்கவில்லை. கதை நடக்கும் காலத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1961 ஒக்டோபர் 17 அன்று, ஊரடங்கை எதிர்த்துப் பரிஸ் வீதிகளில் இறங்கிய அல்ஜீரியரைப் பொலிஸார் அடித்தும் சுட்டும் கொன்றார்கள். உடல்கள் செய்ன் ஆற்றில் மிதந்தன. அப்போது பரிஸ் பொலிஸின் தலைவராக இருந்த மொரிஸ் பப்போன், அதற்காகத் தண்டிக்கப்படாமல், இரண்டாம் உலகப் போரில் யூதர்களை நாடு கடத்த உடந்தையாக இருந்தமைக்காக 1998 இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். பழி தீர்க்கும் உரிமை யாருக்கேனும் இருந்ததென்றால் அந்த ஆற்றங்கரையில் உறவினரைத் தேடியவர்களுக்கு இருந்தது. நாட்டை இழந்த குடியேறிகளின் கோபம் நாவலுக்குக் கருவாகிறது, நாட்டை மீட்டவர்களின் துயரம் அதன் பின்னணியில்கூட இல்லை. செய்தியாளராகப் பரிஸில் வாழ்ந்த ஒருவர் எழுதிய நூல் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது.

முடிவைப் பற்றியும் வட்டம் பிளவுபட்டது. 1963 ஓகஸ்ட் 25, பரிஸ் விடுதலை பெற்ற நாளின் நினைவு விழாவில், காலிழந்த முதிய போர்வீரனாக வேடமிட்டு ஊன்றுகோலோடு காவல் வளையத்தைக் கடந்தவன், மேல்மாடி யன்னலிலிருந்து குறி வைத்துச் சுடுகிறான். அதே கணத்தில் ஜெனரல், பதக்கம் அணிவித்த முதியவரின் கன்னத்தில் முத்தமிடக் குனிகிறார். குண்டு தலைக்குப் பின்னால் போய்விடுகிறது. மாதக்கணக்கான ஆயத்தம் ஒரு முத்தத்தில் அழிவதை ஏமாற்று வேலை என்றார்கள் சிலர். எங்கள் சோதனைச்சாவடியில் என்றால் அந்த ஊன்றுகோலைக் கழற்றிப் பார்க்காமல் விட்டிருக்கமாட்டார்கள் என்றார் அக்கா. மாஸ்டர் மட்டும் அதனைத் தற்செயல் என்று ஒத்துக்கொள்ளவில்லை: ஆங்கிலேயனாக வளர்ந்தவன் எல்லாவற்றையும் படித்தான், ஆண்கள் ஒருவரையொருவர் முத்தமிடும் வழக்கத்தை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை, அந்த மண்ணில் வளர்ந்து அந்த மனிதரை வெறுத்த ஒருவன் சுட்டிருந்தால் ஒரு நொடி பொறுத்திருப்பான் என்பது அவருடைய வாதம். கோபமில்லாதவனை அமர்த்தியதன் விலை இது என்று நான் சேர்த்துக்கொண்டேன். அப்போதுதான் முதல் தடவையாக அண்ணர் தலையை ஆட்டினார்.

ஆனால் அவர் எழும்பிப் போகும்போது எழுப்பிய கேள்விக்கு எங்களில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. பாதிப் பணத்தை முற்பணமாகச் சுவிஸ் வங்கியில் போட்டுத்தான் அவன் வேலையைத் தொடங்கினான். இறந்துபோன அந்தக் கூலிக் கொலையாளியின் பெயர் கடைசி வரை யாருக்கும் தெரியாது, பெயரில்லாமலேயே புதைக்கப்பட்டான். அப்படியென்றால் அந்த இரண்டரை இலட்சம் டொலருக்கு உரித்தாளி யார், இறப்புச் சான்றிதழ் எந்தப் பெயரில் எடுப்பது, எந்த நீதிமன்றத்தில் வழக்கு வைப்பது என்று அவர் கேற்றடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.